கோப்பையில் இத்தாலி – 7: கடிதம் சட்டமான கதை

சென்ற இதழில் கதையை 1716இல் நிறுத்தியிருந்தோம். டஸ்கனியை ஆண்ட மெதிச்சி குலத்தின் கடைசிக்கு முந்தைய ஆட்சியாளர் மூன்றாம் கோசிமோ. அந்த ஆண்டு செப்டம்பர் 24ஆம் தேதி அவர் ஓர் ஆணை பிறப்பித்தார். கியாந்தி, போமீனோ, கார்மின்யானோ, மேல் ஆர்னோ பள்ளத்தாக்கு ஆகிய நான்கு பகுதிகளுக்கும் எல்லை எது என்று அது ஊர் பெயர் சொல்லி வரையறுத்தது. இந்த எல்லைக்குள் விளைந்த ஒயினுக்கு மட்டுமே இந்தப் பெயர். லிவோர்னோ துறைமுகம் வழியாக இங்கிலாந்துக்குப் போய்க்கொண்டிருந்த சரக்கின் பெயர் கெட்டுவிடக் கூடாது என்பது அவர் கவலை.

மெதிச்சி குலத்தின் ஆட்சி 1737இல் முடிந்துபோயிற்று. ஆணையும் மெல்ல மறக்கப்பட்டது. ஆனால் அதில் முதலிலிருந்தே ஒரு வெற்றிடம் இருந்தது. எல்லை எங்கே என்று கோசிமோ சொன்னார். அந்த எல்லைக்குள் விளையும் ஒயினில் எந்தத் திராட்சை, எத்தனை பங்கு என்று சொல்லவில்லை. நூற்றைம்பது ஆண்டுகள் கழித்துத் தனி மனிதர் ஒருவர் அதற்கு விடை எழுதினார், ஒரு கடிதத்தில். அந்தக் கடிதத்தைச் சட்டம் அரைகுறையாகப் படித்ததில் வந்த வினைதான் இந்த இதழ்.

கயோலே ஊருக்குத் தெற்கே ப்ரோலியோ என்ற கோட்டை இருக்கிறது. 1141 முதல் ரிகாசோலி குடும்பத்தின் சொத்து. 1809இல் பிறந்த பெத்தினோ ரிகாசோலிக்குப் பண்ணையோடு சேர்ந்து வந்தது கடன். அதை அடைக்கத்தான் அவர் திராட்சை பக்கம் திரும்பினார். நிமிர்ந்த உடம்பு, மத ஒழுக்கம், வளையாத பேச்சு. ஊரார் வைத்த பட்டம் ‘இரும்புப் பாரன்’. ஃப்ளோரன்ஸில் நடந்த ஒரு நடன விருந்தில் யாரோ ஓர் இளைஞன் மனைவியோடு கொஞ்சம் நெருக்கமாக ஆடியதாகப் பட்டதாம். விருந்து முடியுமுன்பே மனைவியை வண்டியில் ஏற்றி, ராத்திரியோடு ராத்திரியாக ப்ரோலியோ கோட்டைக்குக் கொண்டுபோய்விட்டாராம். உண்மையோ கட்டுக்கதையோ, ஆளைப் பற்றி ஊர் என்ன நினைத்தது என்பதற்கு அது போதும். ஒன்றுபட்ட இத்தாலியின் முதல் பிரதமர் கவூர் 1861இல் இறந்தபோது அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தவர் இந்த ரிகாசோலிதான். 1866இல் மறுபடியும் ஒருமுறை. இரண்டு தடவையும் ரோமாபுரி அரசியலைவிட ப்ரோலியோவின் தொட்டிகள்தான் அவரை இழுத்தன என்று நினைக்கத் தோன்றுகிறது. சரியாகச் சொன்னால் அன்று தலைநகரம் முதலில் தூரின், பிறகு ஃப்ளோரன்ஸ். ரோமாபுரி இன்னும் போப்பாண்டவர் கையில் இருந்தது.

அவர் முன்னால் இருந்த சிக்கலைப் புரிந்துகொள்ள டஸ்கனியின் நில ஏற்பாட்டைத் தெரிந்துகொள்ள வேண்டும். நிலம் பெரும்பாலும் வாரச் சாகுபடியில் இருந்தது. நிலம் பண்ணையாருடையது, உழைப்பு குடியானவனுடையது, விளைச்சல் பாதிக்குப் பாதி. தஞ்சாவூர்ப் பக்கத்து வாசகர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. வாரக்குடி ஒற்றைப் பயிரை நம்ப மாட்டான். கோதுமை வயலின் ஓரத்தில் ஒலிவ மரம், மேப்பிள் மரத்தில் ஏற்றிவிட்ட திராட்சைக் கொடி, அதிலும் கறுப்பு, வெள்ளை என்று கைக்குக் கிடைத்த இனமெல்லாம். அறுவடையில் எல்லாம் ஒரே தொட்டியில் விழுந்து நொதிக்கும். வெள்ளைத் திராட்சையில் மால்வசியாவும் திரெப்பியானோவும். இவற்றில் திரெப்பியானோ கேட்டதற்கு மேல் காய்க்கும். பாதி பங்கை வைத்துக் குடும்பம் நடத்துகிறவனுக்கு அதுதானே வேண்டும்.

ரிகாசோலி பிரான்சுக்குப் போய் அங்கே எப்படிச் செய்கிறார்கள் என்று பார்த்துவந்தார். இனம் இனமாகப் பிரித்து நொதிக்கவைத்தார், கலந்து பார்த்தார், எழுதி வைத்தார். முப்பது ஆண்டுகளுக்கும் மேல் இப்படிப் போயிற்று. 1872இல் பீசா பல்கலைக்கழகப் பேராசிரியர் சேசரே ஸ்தூதியாத்திக்கு அவர் எழுதிய கடிதத்தில் முடிவு இருக்கிறது. ஒயினின் மணத்துக்கும் வீரியத்துக்கும் சான்ஜொவேசே என்ற கறுப்புத் திராட்சை. அதன் முரட்டுத்தனத்தைத் தணிக்க, மணத்தைக் கெடுக்காமல் மென்மை சேர்க்க, கனயோலோ என்ற இன்னொரு கறுப்பு இனம். மூன்றாவதாக வெள்ளை மால்வசியா: அது முதல் இரண்டையும் நீர்க்கச் செய்யும், அன்றாடச் சாப்பாட்டு மேசைக்கு ஏற்றபடி இலேசாக்கும். ஆனால் நாட்பட வைத்து முதிர்விக்கும் ஒயினில் அதைச் சேர்க்காமல் விட்டுவிடலாம்.

அந்தக் கடைசி வாக்கியத்தை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும். ரிகாசோலி எழுதியது இரண்டு ஒயின்களைப் பற்றி. ஒன்று அடுத்த வசந்தத்துக்குள் குடித்து முடிப்பது. அதற்கு வெள்ளை ஆகும். இன்னொன்று நிலவறையில் பத்தாண்டு கிடக்க வேண்டியது. அதற்கு வெள்ளை ஆகாது. பின்னால் வந்தவர்கள் இரண்டையும் ஒன்றாக்கி அதற்கு ‘பாரனின் சூத்திரம்’ என்று பெயர் வைத்தார்கள். திரெப்பியானோவை அவர் பேச்சுக்குக்கூட எடுக்கவில்லை. அதுவும் எப்படியோ உள்ளே வந்தது.

இதற்கிடையே கியாந்தி என்ற பெயருக்குச் சந்தை பெருகியது. வைக்கோல் சுற்றிய குண்டுக் குடுவை உலகமெங்கும் இத்தாலிய உணவகங்களில் தொங்கியது. பெயர் விலைபோனால் எல்லை விரியும். பழைய கியாந்திக்கு வெளியே இருந்தவர்களும் தங்கள் ஒயினைக் கியாந்தி என்றே விற்றார்கள். பொறுக்காத மையப் பகுதி விவசாயிகள் 33 பேர் 1924 மே 14 அன்று ராத்தா ஊரில் கூடி ஒரு கூட்டமைப்பைத் தொடங்கினார்கள். கறுப்புச் சேவல் அவர்கள் சின்னம். இடைக்காலக் கியாந்திச் சங்கத்தின் பழைய சின்னம் அது. ஃப்ளோரன்ஸ் நகரின் பலாத்சோ வெக்கியோ அரண்மனைக் கூரையில் வசாரி தீட்டிய ஓவியத்திலும் அந்தச் சேவலைப் பார்க்கலாம்.

அவர்களுக்குக் கிடைத்தது பாதி வெற்றிதான். 1932இல் அரசு நியமித்த குழு கியாந்தியை ஏழு பகுதிகளாகப் பிரித்தது. நடுவில் இருந்த பழைய நிலத்துக்குக் ‘கிளாசிகோ’ என்ற ஒட்டு. சுற்றியிருந்த ஆறுக்கும் கியாந்தி என்ற பெயரைச் சட்டப்படியே கொடுத்தாயிற்று. அரேத்சோ, பீசா, சியெனா மலைகள் வரை பெயர் பரவியது. கோசிமோவின் கோடு அழியவில்லை, அதைச் சுற்றி இன்னொரு பெரிய கோடு விழுந்தது. இன்றும் கடையில் ‘கியாந்தி’ வேறு, ‘கியாந்தி கிளாசிகோ’ வேறு என்பதற்கு இந்த ஆண்டுதான் காரணம்.

போருக்குப் பிறகு ஐரோப்பியப் பொதுச் சந்தை வந்தது. பிரான்ஸ் 1935இலேயே பிறப்பிடப் பெயர்களுக்கு முறையான அமைப்பு வைத்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் உட்கார வேண்டிய இத்தாலியிடம் அப்படி எதுவும் இல்லை. 1963 ஜூலை 12ஆம் தேதி வெளிவந்த 930ஆம் எண் குடியரசுத் தலைவர் ஆணை அந்தக் குறையைத் தீர்த்தது. மொன்ஃபெராத்தோ பகுதிக்காரரான செனட்டர் பாவோலோ தெசானா இதற்காக உழைத்தவர்களில் முதன்மையானவர். அடித்தளத்தில் ‘மேசை ஒயின்’. அதற்கு மேல் டி.ஓ.சி., அதாவது கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட பிறப்பிடப் பெயர். உச்சியில் டி.ஓ.சி.ஜி.; கடைசி எழுத்து ‘உத்தரவாதம்’. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு விதித்தொகுப்பு: எல்லை எது, எந்தத் திராட்சை எத்தனை சதவீதம், ஹெக்டேருக்கு எத்தனை டன், குறைந்தபட்சம் எவ்வளவு ஆல்கஹால், எத்தனை மாதம் முதிர்விக்க வேண்டும்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்த வகுப்புகளைச் சுவையின் தரவரிசை என்று நினைத்துத்தான் நம்மில் பலர் புட்டியைத் திருப்பிப் பார்க்கிறோம். அவை அப்படி அல்ல. விதித்தொகுப்பை எழுதிக் கேட்பவர்கள் அந்தந்தப் பகுதி உற்பத்தியாளர்கள். அரசு அதற்கு முத்திரை குத்துகிறது. ஆகவே அது ஓர் ஊரார் உடன்படிக்கை. எங்கே விளைந்தது, எப்படிச் செய்தது என்பதற்கு அது சாட்சி சொல்லும். நன்றாக இருக்கிறதா என்பது அதன் வேலை அல்ல. நம் மதுரை மல்லிக்கும் பழநி பஞ்சாமிர்தத்துக்கும் கிடைத்த புவிசார் குறியீடு இதே மரபில் வந்ததுதான். 1994இன் உலக வணிக உடன்படிக்கையில் ஒயினுக்கும் மற்ற மது வகைகளுக்கும் மட்டும் மற்ற பொருள்களுக்கு இல்லாத கூடுதல் பாதுகாப்பு இருப்பது ஐரோப்பாவின் கைவேலை.

முதல் டி.ஓ.சி.கள் 1966இல் வந்தன. சான் ஜிமின்யானோ ஊரின் வெர்னாச்சா என்ற வெள்ளை ஒயின் அவற்றில் ஒன்று. கியாந்தியின் முறை 1967. விதித்தொகுப்பு இப்படி வந்தது: சான்ஜொவேசே 50 முதல் 80 சதவீதம், கனயோலோ 10 முதல் 30, திரெப்பியானோவும் மால்வசியாவும் சேர்ந்து 10 முதல் 30. வெள்ளைத் திராட்சை கட்டாயம்! சேர்க்காவிட்டால் அது கியாந்தி இல்லை. பாரன் ‘விட்டுவிடலாம்’ என்று எழுதியதைச் சட்டம் ‘விடக் கூடாது’ என்று ஆக்கிவிட்டது. போதாததற்கு வேறு பகுதிகளிலிருந்து வாங்கிய ஒயினையோ சாற்றையோ 15 சதவீதம் வரை கலந்து ‘திருத்திக்கொள்ள’ அனுமதி. மலைத் தோட்டத்தின் பெயரைக் காப்பாற்ற வந்த சட்டம் அந்தப் பெயருக்குள் தெற்கத்தி ஒயினை ஊற்ற வழிவிட்டது.

ஏன் இப்படி? கெட்ட எண்ணம் என்று சொல்ல மாட்டேன். அன்று நிலத்தில் இருந்த கொடிகளைச் சட்டம் அப்படியே எழுதிவைத்தது. வெள்ளையை நீக்கினால் ஆயிரக்கணக்கான வாரக்குடிகளின் விளைச்சலில் ஒரு பங்கு பெயரிழந்து போகும். ஆனால் எழுதிய மை காய்வதற்குள் அந்த உலகமே கலைந்துகொண்டிருந்தது. 1964இல் வந்த சட்டம் புதிய வார ஒப்பந்தங்களைத் தடைசெய்தது. குடியானவர்கள் அதற்கு முன்பே பிராத்தோ, ஃப்ளோரன்ஸ் பக்கத்து ஆலைகளுக்கு இறங்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். ஊடுபயிர் வயல்கள் அழிந்து, டிராக்டர் ஓடும் ஒற்றைப் பயிர்த் தோட்டங்கள் பொதுச் சந்தையின் மானியத்தில் எழுந்தன. எதை நட்டார்கள்? விதித்தொகுப்பு கேட்டதைத்தான், அதிலும் அதிகம் காய்ப்பதை. எழுபதுகளின் கியாந்தி வெளிறி, புளித்து, மலிந்து கிடந்ததற்குப் பாதிக் காரணம் அங்கே நட்ட கன்று.

இனி மலையைவிட்டுக் கடற்கரைக்குப் போவோம். போல்கெரி என்ற சிற்றூருக்கு நீண்ட சைப்ரஸ் மரச்சாலை ஒன்று போகும். அங்கே சான் குயிதோ பண்ணையின் உரிமையாளர் மாரியோ இன்சிசா தெல்லா ரோக்கெத்தா. அவர் முதலில் குதிரைக்காரர். ஃபெதெரிகோ தேசியோவோடு கூட்டாக நடத்திய லாயத்திலிருந்து வந்த ரிபோ என்ற குதிரை 16 பந்தயம் ஓடி 16இலும் வென்றது. மாரியோவுக்கு பிரான்சின் போர்தோ ஒயின் பிடிக்கும். போரால் புட்டி கிடைக்காத காலத்தில், 1944இல், கபெர்னே கொடிகளைத் தன் நிலத்திலேயே நட்டார். கல் மண்டிய நிலம்; அதனால் ஒயினுக்கு சஸ்ஸிகாயா என்று பெயர். சதுப்பும் உப்புக்காற்றுமாக இருந்த அந்தக் கரையில் நல்ல ஒயின் வரும் என்று யாரும் நம்பவில்லை. முதல் புட்டிகளைக் குடித்தவர்கள் முகம் சுளித்தார்கள். இருபது ஆண்டுகள் அது வீட்டுச் சரக்காகவே கிடந்தது. கிடந்ததில் ஒரு நன்மை: மூலையில் மறந்துபோன பழைய புட்டிகளைத் திறந்தபோது அவை பிரமாதமாக மாறியிருந்தன.

மாரியோவின் மனைவியும் நிக்கோலோ அந்தினோரியின் மனைவியும் அக்காள் தங்கை. அந்தினோரி குடும்பம் ஃப்ளோரன்ஸில் நூற்றாண்டுகளாக ஒயின் வணிகம் செய்வது. அவர்களின் ஒயின் நிபுணர் ஜாக்கோமோ தாகிஸ் உதவிக்கு வந்தார். 1968 அறுவடை முதன்முதலாகக் கடைக்கு வந்தது. 1978இல் லண்டனில் உலகக் கபெர்னேகளை ஒப்பிட்டு நடந்த சுவைத்தேர்வில் 1972ஆம் ஆண்டு சஸ்ஸிகாயா முதலிடம் பெற்றது. அதன் புட்டியில் இருந்த வகுப்பு: மேசை ஒயின். போல்கெரியில் சிவப்பு ஒயினுக்கு டி.ஓ.சி. என்று ஒன்று இல்லவே இல்லை, வேறு எந்தப் படியில் ஏற்றுவது?

மாரியோவின் கதை சட்டம் எட்டாத இடத்தில் நடந்தது. அவருடைய மனைவியின் சகோதரி மகனான பியேரோ அந்தினோரியின் கதை சட்டத்தின் நடு வீட்டில் நடந்தது. கியாந்தி கிளாசிகோ மண்ணில் தின்யானெல்லோ என்ற தோட்டம் அவர்களுக்கு உண்டு. 1970 அறுவடையை கியாந்தி கிளாசிகோ என்றே விற்றார்கள், வெள்ளைத் திராட்சையும் அதில் இருந்தது. 1971 அறுவடையில் கியாந்தி என்ற பெயரைக் கைவிட்டார்கள். 225 லிட்டர் சிறு ஓக் பீப்பாய்களில் முதிர்வித்தார்கள். 1975 அறுவடையில் வெள்ளை அடியோடு போய், கபெர்னே சேர்ந்தது. இதுவும் மேசை ஒயின்தான். பெயரை விட்டதால் நஷ்டம் இல்லை, விலை ஏறியது. ஆங்கில ஒயின் எழுத்தாளர்கள் இந்த வகைக்கு ‘சூப்பர் டஸ்கன்’ என்று பெயர் சூட்டினார்கள்.

எனக்கு இவர்களையெல்லாம்விட செர்ஜோ மனெத்திதான் சுவாரசியமானவர். இரும்புத் தொழில் செய்தவர். 1967இல் ராத்தா அருகே மொந்தெவெர்தீனே என்ற பண்ணையை வாங்கினார். கபெர்னே, பிரெஞ்சு நாகரிகம் எதுவும் அவருக்கு வேண்டாம். உள்ளூர் சான்ஜொவேசே மட்டும், நூற்றுக்கு நூறு. 1977இல் வந்த அந்த ஒயினின் பெயர் லெ பெர்கோலே தோர்தே. கியாந்தியின் நெஞ்சில், கியாந்தியின் சொந்தத் திராட்சையில் செய்த ஒயின். வெள்ளை கலக்காததால் அது கியாந்தி அல்ல என்றது சட்டம். மனெத்தி 1981இல் கூட்டமைப்பைவிட்டு வெளியேறினார். பாரனின் கடிதத்தை முழுதாகப் படித்த ஒருவர் செய்யக்கூடிய காரியத்துக்கு மிக நெருக்கமானது அவர் செய்ததுதான் என்பது என் கணிப்பு.

எண்பதுகளில் சட்டம் தன் உச்சிப் படியைக் கட்டத் தொடங்கியது. பரோலோ, மொந்தால்ச்சீனோவின் ப்ரூனெல்லோ, மொந்தேபுல்ச்சானோவின் வீனோ நோபிலே ஆகியவை 1980இல் டி.ஓ.சி.ஜி. ஆயின. புட்டியின் கழுத்தில் எண்ணிட்ட அரசு முத்திரைச் சீட்டு. 1984இல் கியாந்தி முழுவதற்கும் அதே தகுதி. கிளாசிகோ பகுதியில் வெள்ளைக்குக் குறைந்தபட்ச அளவு 2 சதவீதமாக இறங்கியது. அதையும் ஒழித்திருக்கலாமே என்றால், சட்டங்கள் வழக்கமாக அப்படித்தான் பின்வாங்கும். 1987இல் ரொமாஞ்ஞாவின் அல்பானா முதல் வெள்ளை டி.ஓ.சி.ஜி. ஆனபோது ஒயின் உலகம் சிரித்தே விட்டது.

சிரிக்க முடியாத ஆண்டு 1986. ஆல்கஹால் அளவை மலிவாக ஏற்ற யாரோ மலிவு ஒயினில் மெத்தனால் கலந்திருந்தார்கள். மெத்தனால் என்ன செய்யும் என்று தமிழ் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பலர் பார்வை இழந்தார்கள். ஏற்றுமதி சரிந்தது. ‘இத்தாலிய ஒயின்’ என்ற சொல்லே சந்தேகத்துக்கு இடமான பிறகு, மதிப்புமிக்க புட்டிகளும் கொலைகாரச் சரக்கும் மேசை ஒயின் என்ற ஒரே வகுப்பில் உட்கார்ந்திருப்பதை இனியும் சகிக்க முடியவில்லை.

1992இன் 164ஆம் எண் சட்டம் அதற்கு விடை. அன்றைய வேளாண் அமைச்சர் ஜொவான்னி கோரியா, முன்னாள் பிரதமர். ஒயினுக்குப் பேர்போன ஆஸ்தி ஊர்க்காரர். அவர் பெயரால் அழைக்கப்படும் இந்தச் சட்டம் மேசை ஒயினுக்கும் டி.ஓ.சி.க்கும் நடுவே ஐ.ஜி.டி. என்ற புதிய படியை வைத்தது: பரந்த நிலப்பகுதி ஒன்றின் பெயர், தளர்ந்த விதிகள். ஒரே தோட்டத்தின் விளைச்சலை மேல் படியிலிருந்து கீழ்ப் படிக்கு இறக்கி அறிவிக்கவும் வழி வந்தது. ‘சூப்பர் டஸ்கன்’களுக்கு முகவரி கிடைத்தது. 1994இல் போல்கெரி சிவப்பு டி.ஓ.சி. ஆனது, சஸ்ஸிகாயாவுக்கு அதற்குள் தனி உட்பகுதி. 2013இல் அதுவே தனி டி.ஓ.சி. ஒரே ஒரு பண்ணைக்காக ஒரு பெயர். இத்தாலியில் வேறெங்கும் இல்லை.

கியாந்தி கிளாசிகோ 1996இல் தனி டி.ஓ.சி.ஜி. ஆகப் பிரிந்தது. சான்ஜொவேசே நூற்றுக்கு நூறு இருக்கலாம் என்றானது. 2006 அறுவடையிலிருந்து வெள்ளைத் திராட்சைக்கு முழுத் தடை. கட்டாயம் என்று தொடங்கியது நாற்பது ஆண்டுகளில் குற்றமாக முடிந்தது. கோசிமோ எல்லை வரைந்த நிலமோ மூன்று நூற்றாண்டு கழித்தும் கிளாசிகோவின் நடுவே இருக்கிறது; 2021இல் கிளாசிகோவுக்குள் 11 சிறு பகுதிகளைப் பிரித்து அவற்றின் பெயர்களையும் புட்டியில் போடலாம் என்று கூட்டமைப்பு முடிவெடுத்தது. 2009 முதல் ஐரோப்பிய ஒன்றியம் எல்லாவற்றையும் டி.ஓ.பி., ஐ.ஜி.பி. என்று இரண்டே வகையில் அடக்கிவிட்டது. இத்தாலியர்கள் பழைய எழுத்துகளை விடவில்லை. இன்று டி.ஓ.சி.ஜி. எழுபதுக்கு மேல், டி.ஓ.சி. முந்நூறுக்கு மேல். யாராலும் மனப்பாடம் செய்ய முடியாது, செய்யவும் தேவையில்லை.

செய்முறையைச் சட்டமாக்குவதே தப்பு என்று இதிலிருந்து முடிவுகட்டலாமா? சியெனாவுக்குத் தெற்கே மொந்தால்ச்சீனோ இதற்கு எதிர்ச்சாட்சி. அங்கே ஃபெருச்சோ பியோந்தி சாந்தி பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே ஒற்றைச் சான்ஜொவேசேயில் ப்ரூனெல்லோ செய்துவிட்டார். சட்டம் அதையே எழுதிக்கொண்டது. 2008இல் சில பண்ணைகள் வேறு திராட்சை கலக்கின்றன என்ற சந்தேகத்தில் விசாரணை வந்தது, புட்டிகள் முடக்கப்பட்டன, அமெரிக்கா சான்றிதழ் கேட்டது. விதியைத் தளர்த்தினால் தொல்லை தீரும் என்று சொன்னவர்கள் இருந்தார்கள். அந்த அக்டோபரில் உற்பத்தியாளர்கள் கூடி வாக்களித்தார்கள்: நூற்றுக்கு நூறே இருக்கட்டும். கியாந்தியில் விதி ஒரு சமரசத்திலிருந்து பிறந்தது. மொந்தால்ச்சீனோவில் அது ஒருவர் செய்து காட்டியதிலிருந்து பிறந்தது. இரண்டும் ஒரே சட்டத்தின் கீழ் ஒரே எழுத்துகளைத் தாங்கி நிற்கின்றன.

செர்ஜோ மனெத்தி 2000இல் இறந்தார். அவர் கேட்டது அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே சட்டமாகிவிட்டது. ராத்தாவில் விளைந்த முழுச் சான்ஜொவேசே இன்று தாராளமாகக் கியாந்தி கிளாசிகோ என்று பெயர் போட்டுக்கொள்ளலாம். மொந்தெவெர்தீனே பண்ணை கூட்டமைப்புக்குத் திரும்பவில்லை. லெ பெர்கோலே தோர்தே இன்றும் ஐ.ஜி.டி.யாகவே விற்கிறது, பெரும்பாலான கிளாசிகோக்களைவிடப் பல மடங்கு விலையில்.

(தொடரும்)